திங்கள்தோறும் நாலு பவுண்டு

பெல்லி குடாவில் உடம்புக்கு முடியாவிட்டால் மருத்துவமனைக்குப் போய் டாக்டரைப் பார்ப்பவர்கள் இரண்டே வகை. ஒன்று வெளியூர்க்காரர்கள், இன்னொன்று மரியாதை தெரிந்தவர்கள். இரண்டு வகையும் எங்கள் ஊரில் குறைவு. மற்றவர்கள் டாக்டர் வெர்னா ஹிஸ்காக்கைக் கூட்டுறவுக் கடையில், பால் வைத்திருக்கும் குளிர்பெட்டிக்கு எதிரே மடக்கிப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவர் சட்டைக் கையை மேலே ஏற்றி மச்சத்தைக் காட்டுவார். இன்னொருவர் வாயைத் திறந்து "உள்ள பாரேன்" என்பார். ஒருமுறை சாவு வீட்டில், சவப்பெட்டிக்கு இரண்டடி தள்ளி நின்று, இறந்தவரின் தம்பி தன் மூலத்தொல்லையைப் பற்றி விசாரித்தார். வெர்னா முறைத்ததும், "அவனுக்கு முடிஞ்சுபோச்சு, எனக்கு இன்னும் உக்கார வேண்டியிருக்கே" என்று நியாயமும் சொன்னார்.

வெர்னா இதே குடாவில் பிறந்தவர். செயின்ட் ஜான்ஸ் நகரத்தில் படித்து, இருபத்தொன்பது வயதில் திரும்பிவந்து, இருபத்தெட்டு வருஷமாக இங்கேதான் வைத்தியம் பார்க்கிறார். திரும்பி வந்ததுதான் தன் வாழ்க்கையின் ஒரே பெரிய தப்பு என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். "வெளியூர்க்காரியா இருந்திருந்தா பயந்துகிட்டாவது கேட்டிருப்பாங்க. எனக்கு மூக்கு ஒழுகினதைத் துடைச்சு விட்டவங்க என் பேச்சை எங்க கேக்கப்போறாங்க?" என்பார். இடமாற்றத்துக்கான விண்ணப்பத்தை மூன்று முறை நிரப்பியிருக்கிறார். மூன்று முறையும் யாருக்கோ பிரசவவலி வந்துவிட்டது.

அவருடைய ஆலோசனை ஊருக்கு எட்டவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு எங்கள் சமூக வானொலியில் பிங்கோ. வானொலியில் எண் சொல்லச் சொல்ல, வீட்டில் இருந்தபடியே அட்டையில் அடித்துக்கொண்டு போக வேண்டியதுதான். அதற்கு முந்தைய ஐந்து நிமிஷத்தை நிலையத்தார் டாக்டருக்குக் கொடுத்திருந்தார்கள். அட்டையும் கையுமாக ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் ஐந்து நிமிஷம் அது. நியூஃபவுண்ட்லாந்து தீவில் இவ்வளவு கவனமாகக் கேட்கப்பட்ட டாக்டர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார். யார் பேச்சுக்கும் ஓர் ஊர் இவ்வளவு விசித்திரமாகக் கீழ்ப்படிந்தும் இருக்காது.

"தினமும் அரை மணி நேரம் நடங்க" என்று ஒரு வியாழக்கிழமை சொன்னார். மறுநாள் மாலை படகுத்துறையில் எட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. நடப்பதற்காக வண்டியில் வந்தவர்கள், காற்று பலமாக இருந்ததால், உள்ளேயே உட்கார்ந்து அரை மணி நேரம் கடலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். "காப்பியைக் குறைங்க" என்றார். குறைத்தார்கள். அதற்கு ஈடாகத் தேநீர் குடித்தார்கள், நாளுக்குப் பதினோரு கோப்பை. "தூங்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி டிவியை நிறுத்துங்க" என்றதற்கு, தூங்கப் போவதையே ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டார்கள்.

இதையெல்லாம் வெர்னா பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார். ஆம்ப்ரோஸ் வோக்கி விஷயத்தில்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஆம்ப்ரோஸுக்கு எழுபத்துநான்கு வயது. இங்கே வயதில் மூத்தவர்கள் எல்லோருமே மாமா, அத்தைதான், ரத்த உறவு வேண்டியதில்லை. ஆகவே டாக்டருக்கும் அவர் மாமா. வெர்னாவின் அப்பாவோடு இருபத்திரண்டு வருஷம் ஒரே படகில் காட் மீன் பிடிக்கப் போனவர். இப்போது இதயம் தளர்ந்துவிட்டது. இதயம் சரியாக இறைக்காதபோது உடம்பில் நீர் தேங்கும். முதலில் கால் வீங்கும், பிறகு நுரையீரல் நனையும், பிறகு மூச்சுக்காக ஜன்னலைத் திறக்க வேண்டியிருக்கும். அந்தக் குளிர்காலத்தில் மட்டும் மூன்று முறை அப்படி ஆகி, பனியில் இரண்டரை மணி நேரம் ஆம்புலன்ஸில் பெரிய ஊருக்குப் போய்வந்தார்.

மூன்றாவது முறை, மேற்கே தூரத்து மாநிலமான ஆல்பர்ட்டாவிலிருந்து மகள் விமானம் ஏறி வந்துவிட்டாள். பெரிய ஊரில், மருத்துவமனைக்கு எதிரிலேயே இருக்கும் முதியோர் இல்லத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்தாள். ஆம்ப்ரோஸ் அந்த அறையை ஒருமுறை பார்த்தார். ஜன்னலில் கார் நிறுத்துமிடம் தெரிந்தது. வெளியே வந்து, மகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார்: "இன்னொரு தடவை ஆம்புலன்ஸ் ஏறினேன்னா, நேரா இங்க வந்துடறேன். ஏறலைன்னா என்னை என் வீட்டுல விட்டுடு." வாக்குக் கொடுத்தால் மீறாத மனிதர் என்பதுதான் இதில் ஆபத்து.

ஆகவே வெர்னா தன் முழு வித்தையையும் இறக்கினார். மாத்திரைகளை மாற்றினார். எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறார் என்று கணக்குக் கேட்டார். தலையணை கூடினால் மூச்சு குறைகிறது என்று பொருள். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், எடை பார்த்து எழுதச் சொன்னார். இரண்டு நாளில் நாலு பவுண்டு ஏறினால் அது சதையில்லை, தண்ணீர். எல்லாவற்றுக்கும் மேலாக, உப்பை விடச் சொன்னார். உப்பு உள்ளே போனால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆம்ப்ரோஸ் வீட்டில் எடை பார்க்கும் கருவி இல்லை. கொட்டகையில் மீன் நிறுக்கும் தராசு இருந்தது. தினமும் காலையில் நீள உள்ளாடையோடு பனியில் நடந்துபோய், காட் மீன் ஏறி இறங்கிய பலகையில் ஏறி நின்று, எடையை நாட்காட்டியில் எழுதினார். ஒரு நாள் கூடத் தவறவில்லை. நாட்காட்டி சொன்ன கதை இது: சனிக்கிழமை நூற்றெழுபத்தெட்டு. திங்கட்கிழமை நூற்றெண்பத்திரண்டு. நீர் மாத்திரை அந்தத் தண்ணீரை இழுத்து இழுத்து வெளியேற்ற, வெள்ளிக்கிழமை மறுபடியும் நூற்றெழுபத்தெட்டு. திங்கட்கிழமை மறுபடியும் நூற்றெண்பத்திரண்டு. ஏழு வாரம், ஒரே மாதிரி.

வெர்னா முதலில் தராசைச் சந்தேகித்தார். தானே போய் ஏறிப் பார்த்தார். தராசு அவரைப் பற்றிச் சொன்ன உண்மை அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உண்மைதான். நீர் மாத்திரையை இருமுறை கூட்டினார். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் முனகியது. அதற்கு மேல் கூட்ட வழியில்லை. பிப்ரவரி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆம்ப்ரோஸைத் தன் அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். கதவைச் சாத்தியதால் பயன் ஒன்றுமில்லை. வெளியே உட்கார்ந்திருந்த வரவேற்பாளர் டல்சிக்கு இதைவிடத் தடித்த கதவுகளும் தடையாக இருந்ததில்லை.

"மாமா, நீங்க எங்கயோ உப்பு சாப்பிடுறீங்க."

"இல்ல கண்ணு."

"அப்போ இந்த நாலு பவுண்டு எங்கேர்ந்து வருது? ஞாயித்துக்கிழமை கோயில்ல குடுத்தனுப்புறாங்களா?"

"வேணும்னா பாதிரியார்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

"விளையாடாதீங்க. கருவாடு?"

"ரெண்டு மாசமா வாசனை கூடப் பாக்கல."

"பொலோனி சாசேஜ்?"

"வறுக்குற சத்தம் கேட்டாலே எழுந்து வெளிய போயிடறேன். அழுகை வருது."

"டின் சூப்? சிப்ஸ்?"

"சிப்ஸ் கடிக்கப் பல்லு எங்க இருக்கு?"

"உப்பு மாட்டுக்கறி?"

"ஒரு துண்டு தொடல. என் பங்கும் எஃபி தட்டுக்குத்தான் போவுது. ஞாயித்துக்கிழமை எனக்கு வெறும் காய்தான். முயல் மாதிரி மேயுறேன்."

வெர்னா கோப்பில் 'ஞாயிறு: காய்கறி மட்டும்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சரி அடையாளமும் போட்டார். அந்த அடையாளம் இன்னும் அங்கே இருக்கிறது. பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இருபத்தெட்டு வருஷத்தில் எந்த நோயாளியிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"பொய் சொல்லாதீங்க மாமா."

ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கையில் எடுத்தார். "உங்கப்பனோட இருபத்திரண்டு வருஷம் ஒரே படகுல போனேன். புயல்ல திட்டியிருக்கான், வலை கிழிஞ்சப்போ அடிக்கக்கூட வந்திருக்கான். இந்த வார்த்தை மட்டும் சொன்னதில்ல." தொப்பியைப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க எழுந்து, போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை எடையைச் சொல்ல அவர் போன் செய்யவில்லை. அதற்கு அடுத்த திங்களும் இல்லை. வெர்னா போன் செய்தால் அவர் மனைவி எஃபி எடுத்து, "வீட்டுல இல்ல" என்று சொல்வார். பின்னால் ஆம்ப்ரோஸ் இருமுவது கேட்கும்.

"நீங்க அவரைப் பொய்யன்னு சொன்னது ஊர் பூரா தெரிஞ்சுபோச்சு" என்றார் டல்சி.

"யார் சொன்னது?"

"நான் சொல்லல. அவரும் சொல்லல. ஆனா தெரியும்."

"அந்த மனுஷன் ஏதோ திங்கிறார் டல்சி! நான் என்ன அவர் வாயிலயே போய் உக்காந்துக்கணுமா?"

"உக்காந்தாலும் அங்கயும் யாராச்சும் வந்து முழங்கால் வலின்னு சொல்லுவாங்க" என்றார் டல்சி.

மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், வெர்னா வண்டியை நேராக வோக்கி வீட்டுக்கு விட்டார். மன்னிப்புக் கேட்கவா, கையும் களவுமாகப் பிடிக்கவா என்று அவருக்கே தெளிவில்லை. மதியச் சாப்பாட்டு வேளை இரண்டுக்கும் பொருத்தமாக இருந்தது. கதவைத் தட்டவில்லை, இங்கே கதவைத் தட்டுகிறவர்கள் போலீஸ்காரர்களும் மதம் மாற்ற வருகிறவர்களும்தான்.

சமையலறையில் ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி. அடுப்பில் ஞாயிற்றுக்கிழமைப் பானை. எஃபி திரும்பிப் பார்க்காமலேயே, "உக்காரு, தட்டு எடுக்கறேன்" என்றார். கோபம் வேறு, சாப்பாடு வேறு. ஆம்ப்ரோஸ் மேசையில் உட்கார்ந்திருந்தார். நிமிரவில்லை. காலுறைக்கு மேலே சதை பிதுங்கி நின்றதையும், உட்கார்ந்த இடத்திலேயே அவருக்கு மூச்சு வாங்குவதையும் வெர்னா வாசலிலிருந்தே பார்த்துவிட்டார்.

"வந்துட்டல்ல, நல்லா பாத்துக்கோ" என்றார் எஃபி. முள்கரண்டியால் பானையிலிருந்து உப்பு மாட்டுக்கறித் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, தனித் தட்டில் வைத்தார். ஒவ்வொன்றையும் சாட்சிக்குக் காட்டுவதுபோல டாக்டர் பக்கம் திருப்பினார். "ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. இதுல ஏதாவது இந்த மனுஷன் தட்டுக்குப் போவுதா? பைபிள் மேல கை வைக்கவா?"

"வேண்டாம் அத்தை."

"பொய்யனாம். ஐம்பத்தோரு வருஷமா குடும்பம் நடத்தறேன், பொய் சொல்ற அளவுக்கு இந்த மனுஷன் பேசினதே இல்ல."

பிறகு முட்டைக்கோஸ் வந்தது, டர்னிப் வந்தது, கேரட், உருளைக்கிழங்கு வந்தன. துணிப்பையில் கட்டி அதே பானையில் வேகவைத்த பட்டாணிப் பருப்பை அவிழ்த்து, இரண்டு பேர் தட்டிலும் கொட்டினார். ஆம்ப்ரோஸின் தட்டில் காய் மலையாகக் குவிந்தது. கடைசியில் ஒரு கோப்பையில் பானையின் சாற்றை ஊற்றி, அவர் கையருகே வைத்தார். "கறி இல்லாம தெம்பு எங்கேர்ந்து வரும்? அதான் காய் சூப் குடுக்கறேன். ரெண்டு கோப்பை குடிப்பாரு."

வெர்னா ஒரு வாய் டர்னிப் சாப்பிட்டார். நன்றாக இருந்தது. இன்னொரு வாய். மூன்றாவது வாய்க்குத் தண்ணீர் டம்ளரைத் தேடிக் கை போனது. டம்ளர் பாதி வழியிலேயே நின்றது.

"எஃபி அத்தை, இந்தக் காயெல்லாம் எதுல வெந்தது?"

"பானையில."

"பானையில என்ன இருந்தது?"

"தண்ணி."

"வெறும் தண்ணியா?"

"என்னடி கேள்வி இது? கறி வெந்த தண்ணி. கறி இல்லாம பானை எப்படி வைக்கிறது? உங்கம்மா எப்படி வச்சா?"

அவர் அம்மாவும் அப்படித்தான் வைத்தார். அதுதான் விஷயம். வெர்னா இந்தப் பானையிலிருந்து ஐம்பத்தேழு வருஷமாகச் சாப்பிட்டு வருகிறார். பீப்பாய் உப்பில் ஊறிய கறி, அது வேகும் நீர், அந்த நீரை உறிஞ்சும் உருளைக்கிழங்கு. எங்கள் ஊரில் இதை யாரும் உணவு என்று நினைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று நினைக்கிறோம். உலகத்தில் உள்ள உப்புப் பண்டங்களையெல்லாம் பெயர் சொல்லிக் கேட்டவர் இதைக் கேட்கவில்லை. எங்கள் வழக்கம் தெரியாத வெளியூர் டாக்டர் ஒருவர் வந்திருந்தால் "எப்படிச் சமைக்கிறீர்கள்?" என்று முதல் வாரமே கேட்டிருப்பார். ஊரை நன்றாகத் தெரிந்த டாக்டர் வேண்டும் என்று நாங்கள் ஒற்றைக்காலில் நின்றோம், கிடைத்தது.

வெர்னா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "மாமா, அந்தக் கோப்பையைக் கீழ வைங்க."

"ஒரு வாய்?"

"கீழ வைங்க! நீங்க குடிக்கிறது காய் சூப் இல்ல, கடல்! கறியை மட்டும் எடுத்துட்டு அதுல இருந்த உப்பு அத்தனையும் உங்களுக்குக் குடுத்திருக்காங்க. காய் வழியா, பருப்பு வழியா, கோப்பை வழியா!" பிறகு குரல் இறங்கியது. "நீங்க பொய் சொல்லல மாமா. நான்தான் முட்டாள்."

ஆம்ப்ரோஸ் முதல் முறையாக நிமிர்ந்தார். "அதை நானே சொல்லலாம்னு இருந்தேன். உங்கப்பனுக்காக விட்டேன்."

எஃபி கரண்டியோடு அடுப்பருகே அப்படியே நின்றார். "அப்போ நான்தான் இந்த மனுஷனைக் கொன்னுக்கிட்டு இருந்தேனா?"

"இல்ல அத்தை. கறி குடுக்காதீங்கன்னு சொன்னேன், குடுக்கல. நான் சொன்னதை இந்த ஊர்ல அப்படியே செஞ்சது நீங்க ஒருத்தர்தான். தப்பு நான் சொன்னதுல."

இருபத்தெட்டு வருஷமாக யாராவது தன் பேச்சை எழுத்துக்கு எழுத்துக் கேட்க வேண்டும் என்று ஏங்கியவர் அவர். கேட்டவர் கிடைத்தபோது இதுதான் நடந்தது.

வெர்னா வண்டியிலிருந்து பையை எடுத்துவந்து நெஞ்சில் வைத்துக் கேட்டார். நுரையீரலின் அடியில் ஈரச் சத்தம். ஆனால் உட்கார்ந்தபடி பேச முடிந்தது, விரலில் மாட்டிய கருவி காட்டிய எண்ணும் மோசமில்லை. ஆம்புலன்ஸுக்கு அரை அடி இந்தப்பக்கம். "இன்னைக்கு மட்டும் ஒரு நீர் மாத்திரை கூட. நாளைக்குக் காலையில நானே வர்றேன், ரத்தமும் எடுக்கறேன். நடுவுல மூச்சு முட்டிச்சுன்னா, வாக்கும் வேண்டாம் வைராக்கியமும் வேண்டாம், உடனே கூப்பிடணும்." நாட்காட்டி பற்றிக் கேட்டார். ஆம்ப்ரோஸ் சுவரைக் காட்டினார். கோபித்துக்கொண்டிருந்த இரண்டு வாரமும் ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தார், சொல்லத்தான் இல்லை.

"இனிமே காயைப் பச்சைத் தண்ணியில வேகவைங்க அத்தை."

"பச்சைத் தண்ணியிலயா? நான் என்ன நோயாளிக்கா சமைக்கறேன்?"

"ஆமா அத்தை. நோயாளிக்குத்தான்."

எஃபியின் பதில் மறு ஞாயிறு தெரிந்தது. தன் பானையை வழக்கம்போல வைத்தார். பக்கத்து அடுப்பில் ஒரு சின்னப் பாத்திரத்தைக் காலியாக வைத்து, "பச்சைத் தண்ணி முட்டைக்கோஸை என் கையால வைக்க மாட்டேன் ஆம்ப்ரோஸ். செத்தாலும் மாட்டேன். உனக்கு வேணும்னா நீயே வச்சுக்கோ" என்றார்.

படகில் இருபத்திரண்டு வருஷம் சமையல் பார்த்தது ஆம்ப்ரோஸ்தான். கரையில் அடுப்பைத் தொட்டதே இல்லை. ஆடும் கடலில் நாலு பேருக்குச் சமைத்த மனிதர், ஆடாத சமையலறையில் ஒருவருக்குச் சமைக்க வழி தெரியாமல் நின்றார். பிறகு உருளைக்கிழங்கை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

வெர்னா அந்த வியாழக்கிழமை வானொலியில் ஐந்து நிமிஷமும் பானையைப் பற்றியே பேசினார். "கறியை எடுத்துட்டா உப்பு போயிடாது. உப்பு தண்ணியில இருக்கு. இதய நோய் இருக்கிறவங்க, ரத்த அழுத்தம் இருக்கிறவங்க காயைத் தனிப் பாத்திரத்துல வைங்க" என்றார். நிலையத்துக்குப் பதினேழு போன் வந்தது. பன்னிரண்டு பேர் திட்டினார்கள், நாலு பேர் பிங்கோ எப்போது தொடங்கும் என்று கேட்டார்கள். மீதி ஒரு பெண்மணி, டாக்டர் சொன்னதைக் கேட்டுத் தான் உடனே திருந்திவிட்டதாகவும், இனி முட்டைக்கோஸே சாப்பிடப் போவதில்லை, கறி மட்டும்தான் என்றும் சொன்னார். வெர்னா வண்டியில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, தனியாகக் கொஞ்ச நேரம் கத்தியதாகக் கேள்வி.

ஆனால் ஆம்ப்ரோஸின் நாட்காட்டி வேறு கதை சொல்ல ஆரம்பித்தது. முதல் திங்கள் ஒரு பவுண்டு மட்டும் கூடியது. இரண்டாவது திங்கள் கூடவே இல்லை. கூட்டிய மாத்திரையை வெர்னா பழைய அளவுக்கு இறக்கினார். சிறுநீரகம் முனகுவதை நிறுத்தியது. மூன்று தலையணை ஒன்றானது. ஏப்ரல் கடைசியில் இதய டாக்டரிடம் போனபோது, போனது தங்கை மகனின் வண்டியில், முன் இருக்கையில். அந்த டாக்டர் நெஞ்சைக் கேட்டு, கோப்பைப் புரட்டி, "என்ன மருந்து மாத்தினாங்க?" என்றார். "முட்டைக்கோஸ்" என்றார் ஆம்ப்ரோஸ். அன்றே ஆல்பர்ட்டாவுக்குப் போன் போட்டு, "என் பேரை அந்தப் பட்டியல்லேர்ந்து எடு. அந்த ஜன்னல் வேற யாருக்காவது உபயோகப்படட்டும்" என்று சொல்லிவிட்டார். மகள் எடுத்துவிட்டாள். கொஞ்சம் அழுதாளாம்.

அதற்கு அடுத்த ஞாயிறு மதியம் வெர்னாவின் வீட்டில் போன் அடித்தது. அவர் வீட்டு அடுப்பிலும் ஒரு பானை இருந்தது. அதில் என்ன வெந்துகொண்டிருந்தது என்று நாம் கேட்க வேண்டாம்.

"வெர்னா கண்ணு, டர்னிப் வேக எவ்வளவு நேரம் ஆகும்?"

"மாமா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நான் டாக்டர்."

"அதான் உன்னைக் கேக்கறேன். எஃபி சொல்ல மாட்டேங்கறா. இந்தப் பாத்திரத்தோட அவளுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது."

பின்னாலிருந்து எஃபியின் குரல் வந்தது, தெருவுக்கே கேட்கும்படி: "இன்னும் பத்து நிமிஷம்னு சொல்லு அந்த மனுஷன்கிட்ட! நான் சொன்னேன்னு சொல்லாத!"

வெர்னா கண்ணை மூடிக்கொண்டார். "இன்னும் பத்து நிமிஷம் மாமா."

"பாத்தியா எஃபி," என்றார் ஆம்ப்ரோஸ் அந்தப் பக்கம் திரும்பி. "இதுக்குத்தான் படிச்சவங்களைக் கேக்கணும்கிறது."